பிளாஸ்டிக் புல் விரித்தால் கொல்லைச் சேறு போய்விடுமா?



ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் காவேரிப்பாக்கத்தில் பெண்கள் பேச்சு ஒன்றுதான்: "உங்க வீட்டுக் கொல்லையில தண்ணி வடிஞ்சிடுச்சா?" பல்லவர் காலத்து ஏரி எங்களுடையது. ராணிப்பேட்டை மாவட்டத்திலேயே பெரிய ஏரி. அது நிரம்பினால் ஊருக்கே சந்தோஷம். ஆனால் துவைக்கிற கல்லைச் சுற்றி நிற்கும் தண்ணீரால் என்ன லாபம்? கொசுவும் வழுக்கலும்தான் மிச்சம்.

போன வருட மழையில் பக்கத்து வீட்டுப் பாட்டி, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்ச் சேற்றில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. அவருடைய மருமகள் என்னிடம் வந்து, "அக்கா, டவுன்ல பிளாஸ்டிக் புல் விக்கிறாங்க. விரிச்சுட்டா சேறே இருக்காதாம். வாங்கட்டுமா?" என்று கேட்டாள். என் தம்பி கட்டட மேஸ்திரி. விளையாட்டுத் திடல் வேலையும் பார்த்தவன். அவனிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் சொல்லலாமே என்று எழுதுகிறேன்.

களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. அதனால் இடைவெளிகளும் மிக மிகச் சிறியவை. மணல் பூமி ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. மழையைக்கூடக் குடித்துவிடும். களிமண் குடிப்பதோ 1 முதல் 5 மி.மீ. வரைதான். பத்துக்குப் பத்து அடி கொல்லையில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 460 லிட்டர், அதாவது முப்பது குடம் தண்ணீர்! அது தானாக மண்ணுக்குள் இறங்கப் பத்து மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம்.

பிளாஸ்டிக் புல்லின் அடியில் சிறு சிறு ஓட்டைகள் உண்டு. மழைநீர் அதன் வழியே கீழே இறங்கும். ஆனால் கீழே இருப்பது அதே களிமண்தானே? நேற்று வரை கண்ணுக்குத் தெரிந்த சேறு இனி புல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும். காலை வைத்தால் சொதசொதவென்று அமுங்கும், நாற்றமும் வரும்.

சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானம் இருக்கிறதே, 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் செயற்கைத் தளம் போட்டது, அங்கெல்லாம் தண்ணீரை வடிப்பது மேலே தெரிகிற புல் மட்டும் அல்ல. அடியில் இருக்கும் கெட்டியான தளமும், சரிவும், வடிகாலும்தான்.

வீட்டிலும் அதே முறைதான். முதலில் அரை அடி ஆழத்துக்குக் களிமண்ணை வெட்டி எடுக்க வேண்டும். பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு வைக்க வேண்டும். சரிவு வீட்டுச் சுவரை விட்டு விலகிப் போக வேண்டும் என்பது முக்கியம். அதன்மேல் தண்ணீரை வடியவிடும் நெய்யாத துணி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜல்லி களிமண்ணில் புதைந்துபோகும். பிறகு முக்கால் ஜல்லி, அதன்மேல் சிப்ஸ் ஜல்லி போட்டுக் கெட்டிக்க வேண்டும். தாழ்ந்த ஓரத்தில் ஓட்டை போட்ட நான்கு அங்குல பி.வி.சி. குழாயைப் பதித்துத் தெருக் கால்வாயிலோ, மணல் தட்டும் ஆழம் வரை தோண்டிய உறிஞ்சு குழியிலோ விட வேண்டும். களிமண்ணிலேயே முடிகிற குழியால் பயனில்லை, அது இன்னொரு குட்டைதான்! இரண்டு கூடை மணலைக் களிமண்ணில் கலந்தால் சரியாகும் என்பார்கள். நம்ப வேண்டாம், காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பாத்திரம் கழுவிய நீரையும் சோப்பு நீரையும் அந்தக் குழியில் விடாதீர்கள். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். 1996ல் உச்சநீதிமன்றமே அதற்காகத் தீர்ப்புச் சொன்னது. நிலத்துக்குள் விடுவது மழைநீராக மட்டும் இருக்கட்டும். கழுவிய நீருக்குக் கல்வாழையும் வாழையும் போதும்.

இவ்வளவு செய்தபின் மேலே புல் தேவையா? எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் புல் வெறுங்காலை வைக்க முடியாமல் கொதிக்கும். சில வருடங்களில் நைந்து, துகள் துகளாக மண்ணில் கலக்கும். அதனால் பக்கத்து வீட்டில் ஜல்லியோடு நிறுத்திக்கொண்டார்கள். கொல்லைக் கதவிலிருந்து துணிக் கொடி வரை சொரசொரப்பான கருங்கல் பலகைகள், ஓரத்தில் பிடித்து நடக்க ஒரு கம்பி. புல் வாங்க வைத்திருந்த பணம் கம்பிக்கும் கல்லுக்கும் போயிற்று. பாட்டி இப்போது கோல் ஊன்றிக் கொல்லைக்குப் போய் வருகிறார்.

நிழலில் குழந்தை விளையாட ஒரு துண்டு புல் வேண்டுமென்றால் போடுங்கள், தப்பில்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்களேன். கொல்லையில் ஒரு அடி ஆழம் குழி வெட்டி, ராத்திரி தண்ணீர் நிரப்பி வையுங்கள். விடிந்து பார்க்கும்போது தண்ணீர் அப்படியே நின்றால், புல்காரரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

- ஒரு இல்லத்தரசி, காவேரிப்பாக்கம்.