பிக்கப் ஸ்டியரிங் 'அலையுதா'? போடிமெட்டு ஏறும் முன் வரிசையாகச் செக் பண்ண வேண்டியவை!

போடியில் இருந்து தேனி போகும் சாலை. பிக்கப் 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. டிரைவர் எதுவும் செய்யாமலேயே வண்டி மெல்ல இடதுபக்கம் நகர்கிறது. லேசாக வலதுபக்கம் திருப்பினால், முதலில் எதுவும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பியதும், தேவைக்கு மேலேயே வலதுபக்கம் போய்விடுகிறது. மறுபடி இடது, மறுபடி வலது. நேர் ரோட்டில் நேராகப் போகவே கை ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

'ஸ்டியரிங் ஆட்டம்', 'வண்டி அலையுது' என்றெல்லாம் சொல்வது இதைத்தான். ஒர்க்‌ஷாப் போனதும் பலர் கேட்பது இரண்டே விஷயம்: "ஸ்டியரிங்கை கொஞ்சம் டைட் பண்ணிடுங்க" அல்லது "வீல் அலைன்மென்ட் பார்த்துடுங்க".

ஆனால், இந்த இரண்டுமே முதலில் செய்ய வேண்டியவை இல்லை. கடைசியில் செய்ய வேண்டியவை. ஏன்?

போடியில் இது ஏன் பெரிய விஷயம்?

போடியில் இருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சி - தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85 இந்த வழியாகத்தான் கேரளாவின் பூப்பாறை, மூணாறு பக்கம் போகிறது. அதிகாலையில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளர்கள், அதில் பெரும்பாலும் பெண்கள், ஜீப்களில் மலை ஏறுகிறார்கள். பிக்கப்களில் உரமும் மளிகையும் மேலே போகின்றன. ஏலக்காய், மிளகு மூட்டைகள் கீழே வருகின்றன.

தார் ரோடு முடிந்ததும் தோட்டத்துக்குள் கல்லும் சேறுமான பாதை. ஸ்டியரிங்கில் இருந்து முன் சக்கரம் வரை இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் அங்கே அடி வாங்குகிறது. சமவெளியில் ஓடும் வண்டியைவிட இங்கே ஓடும் வண்டிக்குத் தேய்மானம் சீக்கிரம் வரும்.

மலையில் ஏன் தெரியாது?

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. மலைப்பாதையிலேயே ஓடும் டிரைவருக்கு இந்தக் கோளாறு லேட்டாகத்தான் தெரியும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசை எல்லா இணைப்புகளையும் ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் இடைவெளி மறைந்துவிடும். வேகமும் குறைவு. அதனால் 'வண்டி நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும்.

இடது வளைவை முடித்து வலது வளைவுக்குத் திருப்பும் அந்த ஒரு நொடியில்தான் இடைவெளி வெளியே வரும். ஸ்டியரிங் திரும்பும், சக்கரம் திரும்பாது. எதிரே பஸ் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே டெஸ்ட்டை நேர் ரோட்டில் செய்யுங்கள்.

முதலில், இது எந்தப் பிரச்னை?

எப்போதும் ஒரே பக்கமாகப் போனால் அது 'இழுப்பு'. ஒரு பக்க டயரில் காற்று குறைவு, பிரேக் பிடித்துக்கொள்வது, அலைன்மென்ட் போன்றவை காரணமாக இருக்கலாம். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் 'வீல் பேலன்ஸ்' அல்லது வளைந்த ரிம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால்தான் 'அலைதல்'. மெக்கானிக்கிடம் இதைச் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். லோடு ஏற்றினால் அலையுதா, காலியாக வரும்போதா? லோடில் மட்டும் என்றால் பின்பக்கப் பாரம், பின் டயர் காற்று, பின் பட்டை புஷ் மீது சந்தேகம். காலியாக வரும்போது மட்டும் என்றால், பின்னால் கூடுதல் பட்டை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்கான காரணம் கீழே.

வரிசையாக என்ன பார்க்கணும்?

1. டயர்: செலவே இல்லாத வேலை. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது நான்கு டயரிலும் காற்று பாருங்கள். அளவு டிரைவர் பக்கக் கதவோரம் உள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். லோடுக்கு வேறு, காலி வண்டிக்கு வேறு. பின் டயரில் காற்று குறைந்தாலே வண்டி பின்னால் ஆடும். முன்னால் இரண்டு டயரும் ஒரே வகைதானா? தோட்டப் பாதைக்காகப் போட்ட பெரிய பல் டயர் தார் ரோட்டில் கொஞ்சம் அலையத்தான் செய்யும்.

2. இரண்டு பேர் டெஸ்ட்: வண்டி தரையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடம், வலம் என்று லேசாக அசைக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும்; கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இன்னொருவர் முன்பக்கம் ஓரமாக இருந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு பாகம் அசைந்து, அதோடு சேர்ந்த அடுத்த பாகம் அசையாமல் நின்றால், தேய்ந்த இடம் அதுதான். டை ராட் எண்ட் பல நேரம் இதிலேயே மாட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். சில வண்டிகளில் பாக்ஸ் நன்றாக இருக்கும், போல்ட்தான் லூஸாக இருக்கும்.

3. ஜாக்கி டெஸ்ட்: முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. டயரை மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங் பின் (சில மாடல்களில் பால் ஜாயிண்ட்). எது என்று பிரிக்க ஒரு எளிய வழி: ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். ஆட்டம் நின்றுபோனால் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். அடுத்து 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் ஆட்டம் தெரியும்.

4. பட்டையும் யூ போல்ட்டும்: அலைதல் என்றாலே முன்பக்கம்தான் என்று நினைக்கிறோம். பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் யூ போல்ட் லூஸானாலோ, சென்டர் போல்ட் உடைந்தாலோ, பட்டை புஷ் தேய்ந்தாலோ பின் ஆக்சிலே லேசாகத் திரும்பும். அதாவது வண்டியைப் பின் சக்கரமும் ஓட்ட ஆரம்பித்துவிடும். இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது அலைதல் கூடினால் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

5. அலைன்மென்ட்: மேலே சொன்ன ஆட்டத்தை எல்லாம் சரி பண்ணிய பிறகுதான் இது. தேய்ந்த ஜாயிண்ட்டோடு அலைன்மென்ட் செய்தால் அந்த அளவு அடுத்த பள்ளம் வரைதான் நிற்கும். டை ராட் எண்ட் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம். 'டோ' மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். 'கேஸ்டர்' அளவையும் கேளுங்கள்.

கேஸ்டர் என்றால்?

சைக்கிளில் கையை விட்டு ஓட்டியிருப்பீர்கள். முன் ஃபோர்க் நேராக இல்லாமல் சாய்வாக இருப்பதால் சக்கரம் தானே நேராக நிற்கப் பார்க்கும். பிக்கப்பிலும் அதே கதைதான். அந்தச் சாய்வு குறைந்தால் நேராகத் திரும்பும் குணம் போய்விடும்.

கூடுதல் லோடுக்காகப் பின்னால் ஒரு பட்டை சேர்த்தால், காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்பக்கம் தாழும்; கேஸ்டர் குறையும். காலி வண்டி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம். மாறாக, பின்னால் அளவுக்கு மேல் ஏற்றினால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் 'பஞ்சு' மாதிரி ஆகும். ஏற்றத்தில் இன்னும் மோசம். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் என்பது தனி.

'டைட் பண்ணிடுங்க' ஏன் ஆபத்து?

பழைய ஸ்டியரிங் பாக்ஸின் மேல் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பினால் ஆட்டம் சட்டென்று குறையும். டிரைவரும் ஹேப்பி. ஆனால் பாக்ஸுக்குள் பல் அதிகம் தேய்வது நடுப்பகுதியில்தான், நேராக ஓடும்போது வேலை செய்யும் இடம். அந்த இடத்துக்கு ஏற்ப இறுக்கினால், தேயாத ஓரப்பகுதியில் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் முழுசாகத் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராமல் நிற்கும். ஆட்டத்தைவிட இது மோசம். மற்ற எல்லாம் சரியாக இருந்து, பாக்ஸில்தான் ஆட்டம் என்று உறுதியான பிறகே, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பாக்ஸ் ரொம்பத் தேய்ந்திருந்தால் மாற்றுவதுதான் வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 98-ன்படி ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-ல் இருந்து 1 வரை உள்ள தூரம் அது. 38 செ.மீ. அகல ஸ்டியரிங்கில் சுமார் 10 செ.மீ. இது சட்டத்தின் கடைசி எல்லை, மலைக்கான பாதுகாப்பு அளவு அல்ல. உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி லாக் ஆகியிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கிழிந்த ரப்பர் வழியாகத்தான் சேறு உள்ளே போய் ஜாயிண்ட்டைத் தின்கிறது.

எப்போது வண்டியை எடுக்கவே கூடாது?

ஜாயிண்ட்டில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம், ஸ்ப்ளிட் பின் காணவில்லை, திருப்பும்போது 'டக்' என்று சத்தம், உடைந்த சென்டர் போல்ட். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு மலை வேண்டாம். டை ராட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது.

டிரைவருக்கு ஆட்டம் பழகிப்போகும். கை தானாகச் சமாளிக்கும். ஆனால் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போகும் அக்காக்களுக்கு அந்த ஸ்டியரிங்கில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரியாது. எடுப்பு சீசன் தொடங்கும் முன் அரை மணி நேரம், ஒரு டார்ச், கூட ஒரு ஆள். இந்தச் சோதனைக்கு அது போதும்.