சாட்சியா, ஜாமீனா? கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டிய சொற்கள்



போன மழைக்காலத்தில் மரக்காணம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உப்பளத்தில் வேலை இல்லாத நேரம். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார்கள். "பக்கத்து வீட்டுக்காரங்க லோன் வாங்கும்போது சும்மா விட்னஸ்னு சொன்னாங்க, கையெழுத்துப் போட்டேன். இப்ப என்னையும் பணம் கட்டச் சொல்றாங்களே மேடம்" என்றார்கள்.

பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலே இருந்த சொல் விட்னஸ் இல்லை, கியாரண்டர். அந்த அக்கா தமிழ் நன்றாகப் படிப்பார். ஒரு ஆங்கிலச் சொல்தான் மாட்டிவிட்டது. இப்படி நம்மைக் குழப்பும் சில சொற்களை இந்த மாதம் பார்ப்போம்.

விட்னஸ், கியாரண்டர்: விட்னஸ் என்றால் சாட்சி. 'இவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்' என்று சொல்வதோடு சரி, கடனைக் கட்டும் பொறுப்பு இல்லை. கியாரண்டர் என்றால் ஜாமீன்தாரர். 'ஷ்யூரிட்டி' என்று போட்டிருந்தாலும் அதே அர்த்தம்தான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு உண்டு.

கிரெடிட், டெபிட்: உங்கள் சேமிப்புக் கணக்கில் கிரெடிட் என்றால் பணம் வந்திருக்கிறது. டெபிட் என்றால் பணம் போயிருக்கிறது. செல்போனில் மெசேஜ் வந்ததும் 'பணம் வந்துடுச்சு' என்று நினைத்துவிடாதீர்கள், எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. பின் நம்பர் கேட்டால் நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

பேலன்ஸ்: ஒரே சொல், இரண்டு அர்த்தம். சேமிப்புப் பாஸ்புக்கில் பேலன்ஸ் என்றால் நம் இருப்பு. கடன் அட்டையில் பேலன்ஸ் என்றால் நாம் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி.

அவுட்ஸ்டாண்டிங், ஓவர்டியூ: அவுட்ஸ்டாண்டிங் என்றால் கடனில் மொத்த நிலுவை. தவணையை ஒழுங்காகக் கட்டுபவருக்கும் இது இருக்கும், பயப்பட வேண்டாம். ஓவர்டியூ என்றால் தேதி தாண்டியும் கட்டாத தொகை. இதைக் கண்டால் உடனே கவனிக்க வேண்டும்.

பிரின்சிபல், இன்ட்ரஸ்ட்: பள்ளிக்கூடத்தில் பிரின்சிபல் என்றால் தலைமையாசிரியர். கடன் அட்டையில் பிரின்சிபல் என்றால் அசல், இன்ட்ரஸ்ட் என்றால் வட்டி. நாம் கட்டும் தவணையில் அசலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.

ஃபிளாட், டிமினிஷிங்: இரண்டும் வட்டிக் கணக்குதான், ஆனால் வித்தியாசம் பெரிது. 12,000 ரூபாய் கடன், 12 மாதம், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டுகிறோம் என்று வையுங்கள். ஃபிளாட் என்றால் கடைசி வரை முழு 12,000-க்கும் வட்டி, மொத்தம் 1,440 ரூபாய். டிமினிஷிங் என்றால் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், மொத்தம் 780 ரூபாய்தான். சதவீதம் ஒன்றுதான், ஒரு சொல்லுக்கு 660 ரூபாய் வித்தியாசம். டிமினிஷிங்கை 'ரெடியூசிங்' என்றும் எழுதுவார்கள்.

நாமினி, ஜாயின்ட்: ஜாயின்ட் கணக்கு என்றால் இரண்டு பேருக்கும் சொந்தம். நாமினி என்றால் கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர். அதற்கு முன்பு அந்தப் பணத்தை எடுக்க முடியாது. பெற்றுக்கொண்ட பிறகும் சட்டப்படியான வாரிசுகளின் பங்கு போய்விடாது.

இதெல்லாம் மனப்பாடம் ஆகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கேட்பது நம் உரிமை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நுண்கடன் கொடுப்பவர்கள் கடன் அட்டையை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குக் கொடுக்கும் புதிய கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைத் தர வேண்டும். அதுவும் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதை விளக்கிச் சொல்லவும் வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது.

ஆகவே சகோதரிகளே, மூன்று பழக்கம் போதும். பேனாவைக் கையில் எடுக்கும் முன் "இந்த இடத்துல நான் யாரா கையெழுத்துப் போடுறேன்?" என்று கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டதற்கு ஒரு நகல் வாங்கி வையுங்கள். "அவசரம், போட்டுட்டுப் போங்கம்மா" என்றால், "படிச்சுட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள், தப்பில்லை.

அந்த அக்கா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழுவினர் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். கடன் வாங்கியவர் தவணையைத் தானே கட்ட ஒப்புக்கொண்டு கட்டி வருகிறார். ஆனால் கடைசித் தவணை முடியும் வரை அக்காவின் பொறுப்பும் தீராது. ஒவ்வொரு மாதமும் ரசீதை வாங்கிப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் வருகிறது.

ஊக்குநர்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் உள்ள பாஸ்புக், கடன் அட்டையை எடுத்து வந்து இந்தச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று எல்லோரும் சேர்ந்து தேடுங்கள். புரியாத சொல் இருந்தால் எழுதி வையுங்கள், நான் வரும்போது சேர்ந்து பார்ப்போம்.