பூகம்பமா, அணுகுண்டா?

1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று ரஷ்யாவின் வடகோடியில் ஒரு சிறு அதிர்ச்சி பதிவாயிற்று. அப்பகுதியிலுள்ள நோவயா செம்ல்யா தீவுக்கூட்டம், பழைய அணுகுண்டுச் சோதனைக் களம். முந்திய ஆண்டுதான் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் ரஷ்யா கையெழுத்திட்டிருந்தது. இரகசியமாகக் குண்டு வெடித்துவிட்டார்களோ என்ற ஐயம் அமெரிக்காவில் எழுந்தது. அதைத் தீர்த்து வைத்தவை நில அதிர்ச்சி அலைகளே. எவ்வாறு?

பூமிக்குள் பரவும் அலைகள் இருவகை. நெட்டலை, தான் செல்லும் திசையிலேயே பாறையை அமுக்கியும் தளர்த்தியும் முன்னேறும். மேலோட்டுப் பாறைகளில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். குறுக்கலை, பாறையைப் பக்கவாட்டில் அசைக்கும். வேகம் சுமார் 3.5 கிலோமீட்டர், ஆகவே பிந்தி வந்து சேரும்.

உள்ளங்கைகள் இரண்டையும் இறுகச் சேர்த்து, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளிப் பாருங்கள். சற்று நேரம் பற்றி நின்று, சட்டென வழுக்கும். பெரும்பாலான பூகம்பங்கள் நிகழ்வது இவ்வாறே. பாறைகள் உராய்ந்து நழுவுவதால் குறுக்கலைகள் வலுவாக எழுகின்றன. முதலில் வரும் நெட்டலை சில திசைகளில் நிலத்தை மேலே தள்ளும். வேறு திசைகளில் கீழே இழுக்கும்.

குண்டின் செயல் வேறு. ஊதிய பலூனைப் போல அது சுற்றியுள்ள பாறையை எல்லாப் பக்கமும் வெளிநோக்கித் தள்ளுகிறது. ஆதலின் எத்திசையிலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும். நெட்டலை ஓங்கி நிற்கும். குறுக்கலை அதனோடு ஒப்பிடுகையில் மெலிந்திருக்கும்.

ஆழமும் ஒரு சான்று. பூகம்பங்கள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பிறக்கலாம். 10 கிலோமீட்டருக்குக் கீழே எவரும் குண்டு புதைத்ததில்லை.

அதிர்ச்சி சிறியதாயின், முதல் அசைவு மற்ற சலனங்களில் மறைந்துவிடும். அப்போது இரு அலைகளின் வலுவையும் ஒப்பிடுவதே கைகொடுக்கிறது. 1997-இல் நடந்ததும் இதுதான். நார்வே, பின்லாந்து நாடுகளின் நிலையங்களில் பதிவான அலைகளை ஆராய்ந்தபோது, குறுக்கலை வலுவாக இருந்தது. அதிர்ச்சி பிறந்த இடமும் சோதனைக் களத்தில் அன்று. அதற்குச் சுமார் 130 கிலோமீட்டர் அப்பால், காரா கடலுக்கு அடியில்! சில மணி நேரம் கழித்து, பூகம்பங்களைத் தொடர்ந்து வருவதுபோல், இன்னொரு சிற்றதிர்வும் அங்கே பதிவாகியிருந்தது. அணுகுண்டு அன்று என்பது தெளிவாயிற்று.

2017 செப்டம்பர் 3 அன்று வட கொரியாவில் 6.3 அளவுள்ள அதிர்ச்சி ஏற்பட்டபோது, அதே அலைகள் குண்டின் அடையாளங்களைக் காட்டின. சுமார் எட்டு நிமிடம் கழித்து வந்த சிறிய அதிர்ச்சி, வெடிப்பிடத்தின் அருகே பாறை இடிந்து உள்ளே சரிந்ததால் எழுந்தது என அறிஞர்கள் விளக்கினர்.

குற்றம் செய்தவரைக் காட்டிக் கொடுப்பது மட்டுமன்று, செய்யாதவர் மீது பழி விழாமல் காப்பதும் இந்த அலைகள்தாம். நாடுகள் ஒன்றையொன்று நம்ப இவ்விரண்டும் வேண்டுமல்லவா?