விக்கிரவாண்டி வானில் பொழுதுபோக்கு ட்ரோன்

கல்யாண வீடியோக்காரர்கள் ‘ஹெலிகேம்’ என்று சொல்லும் கேமரா ட்ரோன், இன்று சட்டைப் பையில் வைக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நான்கு இறக்கைகள், ஜிபிஎஸ், ஒரு பேட்டரி, கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிம்பல்: இவ்வளவுதான் கருவி. கையை எடுத்தாலும் காற்றில் அதே இடத்தில் நிற்கும். ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும். ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். எங்கே, எப்போது ஓட்டக் கூடாது என்பது பிடிபடத்தான் நாளாகும்.

விக்கிரவாண்டி போன்ற ஊரில் இதன் பலன் மலைப்பகுதியைவிட அதிகம் என்று சொல்லலாம். சுற்றிலும் சமநிலம்; தரையில் நிற்பவருக்கு ஏரிக்கரையும் கரும்புத் தோட்டமுமே பார்வையை மறைத்துவிடும். 100 மீட்டர் மேலே போனால் ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து வாய்க்காலாகி அடுத்த ஏரியில் சேர்வது ஒரே படத்தில் வந்துவிடுகிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, அருகிலுள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தின் அடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாயின. அப்படிப்பட்ட வெள்ளத்தின் முழு விரிவை மேலிருந்து எடுத்த படமே காட்டும். ஆனால் மீட்பு ஹெலிகாப்டர் வரக்கூடிய நேரத்தில் பொழுதுபோக்கு ட்ரோனுக்கு வானில் இடமில்லை. ஆள் ஏறிய விமானத்துக்கு ட்ரோன்தான் வழிவிட வேண்டும்.

காற்றுதான் முதல் எதிரி. சிறிய ட்ரோன்களில் பிரபலமானவை 249 கிராம் எடைகொண்டவை. ஆடிக் காற்று வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரோனின் சொந்த வேகம் 10 மீட்டர். காற்றோடு 600 மீட்டர் போக அரை நிமிடம்தான் ஆகும். எதிர்க்காற்றில் திரும்பும்போது மிஞ்சும் வேகம் 2 மீட்டர். அதே தூரத்துக்கு 5 நிமிடம் பிடிக்கும். அரை மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே தாங்கும். கரும்புத் தோட்டத்தில் விழுந்து காணாமல் போகும் ட்ரோன்கள் பல இந்தக் கணக்கில் தவறியவையே. காற்றை எதிர்த்துக் கிளம்பி, காற்றோடு திரும்புவது நல்லது.

மற்ற ஆபத்துகளும் உள்ளூர்ச் சரக்குதான். தானே திரும்பும் உயரத்தைப் பனைமரம், உயரழுத்த மின்கம்பி, செல்போன் கோபுரம் ஆகியவற்றுக்கு மேலே வைக்காவிட்டால், ட்ரோன் நேராகப் போய் அவற்றில் மோதும். மொட்டை மாடியிலிருந்து கிளப்புவது பலருக்கு வழக்கம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியைக் குழப்பிவிடும். பருந்து ட்ரோனைத் தன் எல்லைக்குள் வந்த பறவை என்று நினைத்துப் பாய்வதும் உண்டு. வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டால் அது உப்பிப் போகலாம்.

படத்தின் தரத்தில் பகலில் குறை சொல்ல ஏதுமில்லை. இரவுத் திருவிழாவைச் சிறிய சென்சார் கொண்ட கேமராவில் எடுத்தால் புள்ளிபுள்ளியாகத்தான் வரும்.

சட்டம் பொழுதுபோக்குக்காரருக்குப் பெரும்பாலும் சாதகமாகவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் 250 கிராம் வரை ‘நானோ’, அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’ என்று பிரிக்கின்றன. வருமானத்துக்காக அல்லாமல் பறக்கவிடுபவருக்கு இந்த இரண்டிலும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு எண் இரண்டுக்கும் கட்டாயம்; மைக்ரோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். கட்டுப்பாடு இல்லாத ‘பச்சை மண்டல’த்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். அருகிலுள்ள புதுச்சேரி விமான நிலையம் நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், விமான நிலையத்தைச் சுற்றிய 12 கிலோமீட்டர் கட்டுப்பாடு விக்கிரவாண்டியை எட்டாது. இருந்தாலும் பறக்கும் முன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகத் தடைப் பகுதியாக, அதாவது ‘சிவப்பு மண்டல’மாக, அறிவிக்க முடியும். 2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டி அருகே வி.சாலையில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாடு போன்ற பெருங்கூட்டங்களை நினைத்தால், இந்த அதிகாரம் ஏன் என்பது புரியும். அங்கே கூட்டத்தின் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் செயலிழந்தால் அது கல்லாகத்தான் விழும்.

படம் எடுக்க ஆசையூட்டும் இடங்களில்தான் தடை அதிகம். ஏரிக்கரையில் குன்றின் மேல் நிற்கும் பனமலை தாளகிரீசுவரர் கோயிலைப் பல்லவன் ராஜசிம்மன் கட்டினான். பக்கவாட்டில் ஏரி விரிந்து கிடக்க, ட்ரோனுக்கென்றே அமைந்த காட்சி அது. ஆனால் இதுபோலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களின் மேல் அனுமதி இல்லாமல் ட்ரோன் விடக் கூடாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டைக்கும் இதே நிலைதான்.

பெரிய தலைவலி வாங்குவதில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனையும், பிரித்துக் கொண்டுவரும் ட்ரோனையும் இறக்குமதி செய்ய இந்தியா தடை விதித்திருக்கிறது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கே விலக்கு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிமுதலாகலாம். தப்பி வந்தாலும் வாரண்டி செல்லாது. ஒரு கிம்பல் உடைந்தால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதுதான். உள்நாட்டுத் தயாரிப்பாளர்களின் கவனம் வயலில் மருந்து தெளிக்கவும் நில அளவைக்குமான ட்ரோன்களில் இருப்பதால், பொழுதுபோக்குக்காரருக்குத் தேர்வு குறைவு.

அக்கம்பக்கத்தாரின் கோபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொல்லைப்புறமும் கிணற்றடியும் மொட்டை மாடியும் மேலிருந்து திறந்தே கிடக்கின்றன. பெண்கள் குளிப்பது போன்ற அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். அந்த நோக்கமே இல்லாமல் பறந்தாலும், இரைச்சலோடு தலைக்கு மேல் நிற்கும் கேமரா எதைப் பார்க்கிறது என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, எடுத்ததைச் செல்போனில் காட்டினால் பாதிச் சண்டை குறையும்.

நன்றாக ஓட்டத் தெரிந்துவிட்டால், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிடுவார்கள். அடுத்து யாராவது பணம் கொடுப்பார்கள். மைக்ரோ வகை ட்ரோன் வைத்திருப்பவர் அந்தப் பணத்தை வாங்கும்போது பொழுதுபோக்குக்காரருக்கான சலுகை போய்விடும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படித்துப் பைலட் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். விதிகளை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.