முற்றத்தில் கெரவன்: வாங்குமுன் பிரதேச சபைக்கு ஒரு நடை

தலைமன்னார் துறை வரையான ரயில் 2015 ஆம் ஆண்டு மீண்டும் ஓடத் தொடங்கியதன் பின்னர், மன்னார்த் தீவில் உல்லாசப் பயணிகளை நம்பித் தொழில் செய்யலாம் என்ற எண்ணம் நம் வர்த்தகர்களிடையே வளர்ந்திருக்கிறது. அந்த வரிசையில் பேசப்படுவதுதான் கெரவன் எனப்படும், படுக்கையும் அடுப்பும் பொருத்திய வண்டி. பிள்ளைகளோடு நுவரெலியாவுக்குப் போய்வரலாம், மற்ற நாட்களில் வாடகைக்கு விடலாம் என்பது கணக்கு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டதால் இந்தப் பேச்சுக்கு இன்னும் சூடு கூடியிருக்கிறது. விலையையும் லீசிங் தவணையையும் துருவித் துருவிப் பார்ப்பவர்கள், வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பேசாலையில் வளவு வைத்திருக்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். சொந்த வளவுக்குள் சொந்த வாகனத்தை நிறுத்த யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலிக்குள் வெறுமனே நிற்கும் வாகனத்துக்குத் தனி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் மன்னாரின் வெயிலிலும் உப்புக் காற்றிலும் அந்த வண்டியை அப்படியே விட யாருக்கு மனம் வரும்? தூண் நட்டு, கொங்கிரீட் போட்டு, தகரக் கூரை போட ஆசை வரும். அங்கேதான் விஷயம் மாறுகிறது. வண்டியை யாரும் கேட்கமாட்டார்கள், கூரையைக் கேட்பார்கள்.

கட்டட வேலைக்கு அனுமதி வழங்குவது மன்னார் பிரதேச சபை. இதன் வேர் 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமானால் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். விண்ணப்பத்தோடு வரைபடம், நில அளவைப் படம், காணி உறுதி ஆகியவற்றைக் கேட்பார்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து பார்ப்பார்.

இதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் உறுதிதான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் இருந்தவர்கள் உடுத்த உடையோடு தோணியேறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். பெட்டியில் கிடந்த உறுதிகளை எத்தனை பேர் எடுத்துச் சென்றார்கள்? திரும்பி வந்தபின் காணி வாப்பாவின் பெயரிலோ, மூத்த வாப்பாவின் பெயரிலோ, ஆறேழு பேருக்குப் பிரிக்கப்படாத முதுசமாகவோ கிடக்கிறது. வீட்டில் குடியிருக்க அது தடையாக இருப்பதில்லை. அனுமதிக்கு எழுதும்போதுதான் காகிதம் பேசுகிறது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பதும், நொத்தாரிசைப் பிடித்துப் பங்கு பிரிப்பதும் மாதக்கணக்கில் இழுபடும் வேலை. அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் அதிலுள்ள நிபந்தனைகளைப் பிரதேச செயலகத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது தடை கடல். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் எழுப்புவதும், மண் போட்டு நிரப்புவதும், மரஞ்செடிகளை அகற்றுவதும் அபிவிருத்தி நடவடிக்கைகள். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பேசாலையில் கடலோரத்து வளவுகளுக்கு இது சும்மா சொல்லும் செய்தியல்ல. பள்ளமான முற்றத்தை இரண்டு டிப்பர் கிரவல் கொட்டி உயர்த்துவதுகூட இதில் அகப்படலாம்.

“கரையில் இத்தனை படகுகள் நிற்கின்றனவே, அவற்றை யார் கேட்டார்கள்?” என்று ஒருவர் வாதிடலாம். அதே சட்டம் மீன்பிடி நடவடிக்கையை அபிவிருத்தி நடவடிக்கை என்ற வரைவிலக்கணத்திலிருந்து விலக்கியிருக்கிறது. மீனவரின் படகு அவருடைய சோறு, நம்முடைய கெரவன் பொழுதுபோக்கு. சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை, அது சரிதான் என்பது என் எண்ணம். உல்லாசப் பயணத்துக்கென்று படகு வாங்கி வீட்டில் நிறுத்த நினைப்பவரும் மீனவருக்குள்ள விலக்கைத் தனக்கும் உரியதாக எண்ணக்கூடாது.

வளவின் வாசல் மதவாச்சி–தலைமன்னார் ஏ14 வீதிக்குத் திறக்கிறதென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்கோட்டையும் பார்க்க வேண்டும். உள் ஒழுங்கையானால் அயலவரைப் பார்க்க வேண்டும். நீளமான வண்டி திரும்பும்போது ஒழுங்கை அடைபட்டால், பொதுத் தொல்லை என்று 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போக வழியிருக்கிறது. வண்டி வருமுன்னரே பக்கத்து வீட்டாரோடு ஒரு தேநீர் குடித்துப் பேசிவிடுவது மலிவு.

வெளிநாடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். இங்கிலாந்தில் வீட்டாரின் பாவனைக்கு வளவுக்குள் நிறுத்தும் கெரவனுக்கு 1960 ஆம் ஆண்டுச் சட்டம் தள உரிமம் கேட்பதில்லை. ஆனால் காணி உறுதியிலுள்ள நிபந்தனை அதைத் தடுத்துவிடலாம். கேரள அரசு 2021 இல் கெரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது, வண்டிகள் தங்க தனிப் பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது. நம் நாட்டில் அவரவர் முற்றந்தான் பூங்கா.

வாடகைக்கு விடத் தொடங்கினால் அது வியாபாரம். பிரதேச சபையிடம் வியாபார அனுமதி பற்றியும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடம் பதிவு பற்றியும் கேட்டறிய வேண்டும். பழைய வேனை உடைத்துக் கெரவனாக மாற்றுபவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். தனிப்பட்ட பாவனைக்கென்று எடுத்த காப்புறுதி வாடகைப் பயண விபத்துக்குக் கைவிரிக்கலாம். இதை முகவரின் வாய்மொழியில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

தீவின் தென்கரையில் மின்சார சபை 103.5 மெகாவோட் காற்றாலைகளை நட்டிருப்பது இங்கே வீசும் காற்றை நம்பித்தான். ஆகவே கொட்டகைத் தூணின் ஆழத்தில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் சபையிடம் இணக்கச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். நாளை அந்தக் காணியை ஈடு வைத்துக் கடன் கேட்கும்போது, வங்கி உறுதியோடும் அங்கீகரித்த வரைபடத்தோடும் அதையும் கேட்கக்கூடும்.