நிலத்தடி நன்னீரைக் காக்க ஊரார் கூடி வரையும் நீர்ப்படம்

கோமாரியின் கிழக்கே கடல், மேற்கே களப்பு. இடையிலுள்ள மணற்றரையில் பூவலும் கிணறும் தரும் நன்னீர், மணலில் இறங்கித் தங்கிய மழைநீரேயாகும். இந்நீர் கண்ணுக்குப் புலப்படாதது. ஒருவர் மிகுதியாக இறைப்பதனால் அயலார் கிணறு உவராகும்போது, காரணத்தை எவரும் நேரிற் காண்பதில்லை. காணாத பொருளைக் காப்பதற்கு முதலில் அதனைக் காணச் செய்தல் வேண்டும். ஊரார் யாவரும் கூடிச் செய்யும் கலை இதற்குப் பெரிதும் உதவும்.

உவர் ஏறும் விதம்

நன்னீர் கடல்நீரிலும் பாரம் குறைந்தது. ஆகவே அது மணலடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையே நீடித்தால், கீழுள்ள உவர் ஏறத்தாழ 40 அடி உயர இடமுண்டு. வலிய நீர்ப்பம்பியால் ஒரே கிணற்றில் நெடுநேரம் இறைத்தால் உவர்நீர் அவ்விடத்தே கூம்பு போல் மேலெழும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரைக் கிணறுகள் பலமுறை இறைத்துத் துப்புரவு செய்யப்பட்டன. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் உவர் மேலும் ஏறியது. கிணறுகளைப் படிப்படியாகத் தேற்றியது மழையே.

பிற இடங்களில் செய்தவை

கேரளத்தில் 1990-களின் தொடக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் துணையுடன், கல்லியாச்சேரி முதலிய ஊர்களில் தொண்டர்கள் தம் ஊரின் நிலத்தையும் நீரையும் தாமே படமாக வரைந்தனர். அவ்வமைப்பு 1980 முதல் பாட்டும் நாடகமும் கொண்ட கலைப்பயணங்களையும் நடத்தி வந்தது. நமக்கு அண்மையில், மட்டக்களப்புச் சீலாமுனையில், 2000-ஆம் ஆண்டுக்குப் பின் ஊரார் தாமே கலந்து பேசித் தம் கூத்தைக் காலத்துக்கேற்பப் புதுக்கினர். படமும் கூத்தும் ஊராரின் கையில் இருந்தமையே இவற்றின் சிறப்பு.

செய்முறை

1. பாடசாலை முற்றம் போன்ற பொது இடத்தைத் தெரிக. தொழுகை, பூசை நேரங்களையும் வெள்ளி நண்பகலையும் தவிர்க்க.

2. கோலமாவினால் கடற்கரை, களப்பு, வாய்க்கால், தெரு ஆகியவற்றை வரைக. வயலுக்கு வைக்கோல், தோட்டத்துக்குப் பச்சிலை, கிணற்றுக்குச் சிரட்டை வைக்கலாம். தம் கிணற்றின் சிரட்டையை உடையவரே வைத்தல் வேண்டும்.

3. நீர் நல்லதாயின் சிரட்டை வெறுமையாக இருக்கட்டும்; சற்று உவராயின் சாம்பலும், மிக உவராயின் செங்கற்றூளும் இடுக. நாவின் சுவை சிலவேளை ஏமாற்றும். ஐயமான நீரை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி அளந்தறிக. போஞ்சி, வெங்காயம் ஆகியவற்றின் இலையோரம் கருகுவதும் ஓர் அறிகுறியாகலாம்.

4. பன் வெட்டிப் பாய் இழைக்கும் பெண்களைத் தவறாது அழைக்க. எந்தச் சதுப்பில் பன் குறைந்தது என்பதை அவர்களே நன்கறிவர்.

5. படத்தை மாணவர் தாளிற் பெயர்த்து வைக்கட்டும். மாரி முடிவில் ஒருமுறையும் கோடை முடிவில் ஒருமுறையும் வரைந்து ஒப்பிடுக. செங்கற்றூள் எத்திசையிற் பரவுகிறது என்பது தானே விளங்கும்.

கவியும் கூத்தும்

படம் காட்டிய குறையை, இப்பகுதியின் நாட்டார் கவி மெட்டில் ஊரார் தாமே கட்டிப் பாடலாம். வழக்கான பொருளைக் கூத்தாக ஆடலாம். களப்பு முகத்துவாரத்தை எப்பொழுது வெட்டுவது என்பது கரையோர ஊர்களில் எழும் வழக்கு. வெட்டாவிடின் வயல் மூழ்கும். காலத்துக்கு முன் வெட்டின் நன்னீர் வடிந்து உவர் புகும். நெற்பயிரோ நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரைத் தாங்காது. இக்கூத்தில் வயற்காரர் மீனவராகவும், மீனவர் தோட்டக்காரராகவும், தோட்டக்காரர் வயற்காரராகவும் ஆடுதல் நன்று. பிறர் வாயாற் பேசும்போது பிறர் இடர் விளங்கும்.

முடிவு எடுத்தல்

ஆடிப் பாடிக் கலைந்துவிட்டால் பயன் இல்லை. படத்தைச் சூழ்ந்து அமர்ந்தே கமக்காரர் அமைப்பினர் பின்வருவனவற்றைத் தீர்மானித்தல் வேண்டும்:

(அ) ஒரேயடியாக நெடுநேரம் இறையாது, இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல்.
(ஆ) ஆழமான ஒரு கிணற்றிலும், ஆழமற்ற சில கிணறுகளிற் பங்கிட்டு எடுத்தல்.
(இ) பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு இட்டுக் காலை மாலையில் நீர் விடல்.
(ஈ) மழைநீர் தங்கும் பள்ளங்களையும் சதுப்புகளையும் மூடாதிருத்தல்.
(உ) முடிச்சிட்ட கயிற்றினால் மாதந்தோறும் கிணற்று நீர்மட்டம் அளந்து குறித்தல்.

மறுமுறை படம் வரையும்போது, முன் வைத்த செங்கற்றூள் எத்தனை சிரட்டைகளில் சாம்பலாக மாறியது என்று எண்ணுக. அவ்வெண்ணிக்கையே ஊரார் முயற்சியின் அளவுகோல். வேலிகள் நிலத்தின் மேலேதான் உண்டு. அடியில் உள்ள நீருக்கு வேலி இல்லை.