நாவலும் சினிமாவும் ஒரே வகுப்பில்: பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுவது என்ன?

இலக்கியப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்கள் நாவல், கவிதை, நாடகம் ஆகியவற்றுடன் திரைப்படத்தையும் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் உள்ளது. படம் பார்ப்பதற்கு ஒரு பாடத்தாளா என்ற ஐயம் பெற்றோரிடம் இயல்பாகவே எழுகிறது. கதையைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கான எளிய வழி இது என்று கருதுவோரும் உண்டு. இப்பாடம் உண்மையில் கோருவது அதற்கு நேர்மாறானது. புத்தகத்தை வரிவரியாகப் படித்தவரால் மட்டுமே படத்தில் நிகழ்ந்த மாற்றத்தைக் கண்டுகொள்ள முடியும்.

தொடக்கம் எங்கே?

மொழி எல்லைகளைக் கடந்து இலக்கியங்களை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும் ஒப்பிலக்கியத் துறை, கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ் அதன் நிறுவனர். அதே பல்கலைக்கழகத்தில் 1993-ஆம் ஆண்டு திரைப்பட ஆய்வுக்கெனத் தனித் துறை உருவானது. புது தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் புலத்திலும் சினிமா ஆய்வு ஒரு பிரிவாக உள்ளது.

புனே திரைப்படக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் படம் எடுக்கும் தொழிலைக் கற்பிக்கின்றன. பல்கலைக்கழகத் துறைகளின் நோக்கம் வேறு. ஒரு படத்தை எவ்வாறு வாசிப்பது என்பதே இங்கு பயிற்சி.

பல்கலைக்கழக மானியக் குழு, விருப்பத் தேர்வு முறைக்காக 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆங்கில இளங்கலை மாதிரிப் பாடத்திட்டத்தில் ‘இலக்கியமும் சினிமாவும்’ என்ற விருப்பப்பாடம் இடம்பெற்றது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்டு ஜூலியட்’ நாடகமும் அதன் திரை வடிவங்களும் அதில் உள்ளன. பாப்ஸி சித்வாவின் பிரிவினை நாவலும் அதை ஒட்டி தீபா மேத்தா இயக்கிய ‘எர்த்’ படமும், அம்ரிதா ப்ரீதமின் பஞ்சாபி நாவலான ‘பிஞ்சர்’ மற்றும் 2003-ஆம் ஆண்டு வெளியான அதன் திரைவடிவமும் அவ்வாறே இணைத்து வைக்கப்பட்டன. துறைகளுக்கு இடையிலான கல்வியை வலியுறுத்தும் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இத்தகைய பாடங்களுக்கு மேலும் இடமளிக்கிறது.

ஒரு சதுரங்க ஆட்டம், இரண்டு முடிவுகள்

வகுப்பில் நடப்பது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காணலாம். பிரேம்சந்த் 1924-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ சிறுகதை, 1856-ஆம் ஆண்டு கிழக்கிந்திய கம்பெனி அவத் அரசைக் கைப்பற்றிய காலத்தைச் சித்திரிக்கிறது. லக்னோவின் இரு பிரபுக்கள் நாடு பறிபோவதைப் பொருட்படுத்தாமல் சதுரங்கத்தில் மூழ்கிக் கிடக்கின்றனர். கதையின் முடிவில் ஆட்டத்தில் எழுந்த சச்சரவு வாட்சண்டையாகி இருவரும் மடிகின்றனர். மன்னனுக்காக ஏந்தாத வாளைச் சதுரங்கக் காய்களுக்காக ஏந்தினர் என்பதே பிரேம்சந்தின் கசப்பான தீர்ப்பு.

சத்யஜித் ராய் 1977-ஆம் ஆண்டு இக்கதையைப் படமாக்கியபோது இருவரையும் உயிரோடு விட்டுவைத்தார். துப்பாக்கி வெடிக்கிறது, ஆனால் யாரும் சாகவில்லை. பிரிட்டிஷ் படை ஊருக்குள் நுழைந்த பிறகு அவர்கள் மீண்டும் காய்களை அடுக்குகின்றனர். இம்முறை ஆங்கிலேய முறைப்படி ஆட்டம். பலகையில் மந்திரி விலக, ராணி வந்து அமர்கிறார். கதையில் பின்னணியில் மட்டுமே நிற்கும் நவாப் வாஜித் அலி ஷாவும், அவரது அரசைப் பறிக்க வந்த ஜெனரல் அவுட்ரமும் படத்தில் முழுமையான பாத்திரங்களாக வளர்கின்றனர்.

ராய் மூலக்கதைக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. வகுப்பறையில் எழும் கேள்வி அதைக் கடந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் எழுதிய பிரேம்சந்துக்கு, செயலற்ற மேட்டுக்குடியைத் தண்டிப்பது தேவையாக இருந்தது. விடுதலைக்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்துப் படமெடுத்த ராய்க்கு, புதிய அதிகாரத்தின் விதிகளைச் சலனமின்றி ஏற்றுக்கொண்டு வாழ்க்கையைத் தொடர்பவர்களே கூடுதல் கலக்கம் தந்திருக்கலாம். முடிவு மாறியதால் குற்றச்சாட்டும் மாறுகிறது. மாணவர் இதற்கான சான்றுகளைக் கதையின் வரிகளிலிருந்தும் படத்தின் காட்சிகளிலிருந்தும் எடுத்துக்காட்ட வேண்டும்.

சொல் செய்வதும் கேமரா செய்வதும்

‘அவள் தனிமையில் வாடினாள்’ என்று எழுத்தாளர் ஒரே வரியில் எழுதிவிடலாம். கேமராவால் தனிமை என்ற சொல்லைப் படம்பிடிக்க இயலாது. தாகூரின் ‘நஷ்டநீட்’ குறுநாவலை ராய் 1964-ஆம் ஆண்டு ‘சாருலதா’வாக எடுத்தபோது, தொடக்கக் காட்சியில் நாயகி ஏறத்தாழ உரையாடலே இன்றி அறை அறையாக நடக்கிறார், தொலைநோக்கிக் கண்ணாடியால் சாளரம் வழியே தெருவில் செல்வோரைப் பார்க்கிறார். பின்னர் அதே கண்ணாடியால், தன்னைக் கவனியாது கடந்து செல்லும் கணவரையும் பார்க்கிறார். அவரது நிலையை விளக்க ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

தமிழிலும் இதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ 1979-ஆம் ஆண்டு வெளியானது. பூமணியின் ‘வெக்கை’ நாவல் கொலை செய்துவிட்டுத் தப்பியோடும் சிறுவனை மையமாகக் கொண்டது. அதிலிருந்து 2019-ஆம் ஆண்டு வெற்றிமாறன் உருவாக்கிய ‘அசுரன்’ படத்தில் மையம் தந்தையிடம் நகர்கிறது. அவரது கடந்த காலம் தனிப் பகுதியாக விரிகிறது. மையம் இடம்பெயர்ந்தது ஏன், நாயக நடிகரைச் சார்ந்த திரைத்தொழிலுக்கு அதில் என்ன பங்கு என்பவை ஆய்வுக்குரிய கேள்விகள்.

இடர்கள் என்ன?

இப்பாடத்துக்கு முதல் இடர் கைப்பேசியிலேயே இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைக் கைவிடும் மாணவர், ஒப்பிட வேண்டிய இரண்டில் ஒன்றை இழந்துவிடுகிறார். அவர் எழுதும் விடை கதைச்சுருக்கமாகவே முடியும்.

இரண்டாவது மொழி. வங்க நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பிலும் வங்கப் படத்தை ஆங்கில சப்டைட்டிலுடனும் அணுகும் மாணவருக்கு இடையே இரு மொழிபெயர்ப்பாளர்கள் நிற்கின்றனர். திரையில் ஓரிரு வரிகளுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், சப்டைட்டில் பேச்சின் ஒரு பகுதியை விட்டுவிடுவது தவிர்க்க இயலாதது. மரியாதைச் சொல், வட்டார வழக்கு, சாதியையும் வர்க்கத்தையும் காட்டிக்கொடுக்கும் விளிச்சொற்கள் ஆகியவையே பெரும்பாலும் முதலில் மறைகின்றன. ஆகவே, அம்மொழி அறிந்த சக மாணவர் ஒருவரின் விளக்கம் வகுப்பில் பெரும் மதிப்புடையது.

மூன்றாவது, படங்கள் கிடைக்காமை. அச்சில் வந்த நாவல் ஏதேனும் ஒரு நூலகத்தில் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. இந்தியாவின் மௌனப் படங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. எஞ்சிய பழைய படங்களைப் பாதுகாக்கும் பணியை 1964-ஆம் ஆண்டு புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் மேற்கொண்டு வருகிறது.

வகுப்பில் படத்தைத் திரையிடுவது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கும் விடை உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் ஒரு பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர் மற்றும் நிறுவனத்துடன் தொடர்புடையோர் மட்டுமே பார்வையாளர்களாக உள்ள திரையிடலுக்கு விலக்கு அளிக்கிறது. பொதுமக்களுக்கான காட்சிக்கு இவ்விலக்கு பொருந்தாது.

சேர விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் எழுதுதல், திரைக்கதை வாசிப்பு, பதிப்புத் துறை, இதழியல், ஆவணக் காப்பகப் பணி ஆகியவற்றுக்கு இப்பயிற்சி பயன்படும். எனினும் ஒரு விருப்பப்பாடத்தை மட்டும் நம்பி வேலைவாய்ப்பைக் கணக்கிடுவது சரியன்று.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மூன்று விவரங்களைத் துறையிடம் கேட்டறிவது நல்லது. மூல நூல் முழுமையாகப் படிக்கப்படுகிறதா, பகுதிகள் மட்டுமா? திரையிடலுக்கெனக் கால அட்டவணையில் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா? மதிப்பீட்டில் மாணவர் தாமே ஒரு காட்சியை ஆராய்ந்து எழுதும் கட்டுரை உள்ளதா? முதல் கேள்விக்கு ‘பகுதிகள் மட்டும்’ என்பது விடையானால், நூலை முழுமையாகப் படித்துவிட்டு வகுப்புக்குச் செல்லும் பொறுப்பு மாணவருடையதே.